பன்னிரண்டரை அங்குலம் போதும்: திங்க்பேட் எக்ஸ்270 உடன் சில வருடங்கள்

சின்ன லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது எடையைத்தான். ஒரு கிலோவுக்குள் கிடைக்குமா என்பார்கள். நான் முதலில் விசைப்பலகையைப் பார்க்கச் சொல்வேன். அடுத்தது பேட்டரி: நாமே கழற்றி மாற்ற முடியுமா? எடை மூன்றாவதுதான். லெனோவோ திங்க்பேட் எக்ஸ்270 ஒன்றைச் சில வருடங்களாக ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் இந்த வரிசை எனக்கு உறுதியாகிவிட்டது.

என் வேலை மொழிபெயர்ப்பும் மெய்ப்புப் பார்ப்பதும். வீடு மதுரையில், வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் சென்னையில். அதனால் ரயில், உறவினர் வீட்டுத் திண்ணை, ஆஸ்பத்திரி வராந்தா என்று கிடைத்த இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பது வழக்கம். முன்பு வைத்திருந்தது 15.6 அங்குலத் திரை. அதற்கு மேசை வேண்டும், பக்கத்தில் பிளக் பாயிண்ட் வேண்டும். அவை இரண்டும் இருக்கும் இடத்தில்தான் அது பையை விட்டே வெளியே வரும்.

எக்ஸ்270 வந்தது 2017-இல். திரை 12.5 அங்குலம். எடை, மாட்டும் பேட்டரியைப் பொறுத்து ஒன்றேகால் கிலோவுக்கு மேல் ஒன்றரை கிலோ வரை போகும். இன்றைய கணக்கில் இது லேசான லேப்டாப் இல்லை. 2022-இல் வந்த எம்2 மேக்புக் ஏர் 13 அங்குலத்துக்கும் மேலான திரையோடு 1.24 கிலோதான். எல்ஜி கிராமில் 14 அங்குலமே ஒரு கிலோவுக்குள் உண்டு. ஆனால் எக்ஸ்270 ரயில் இருக்கையின் கையகலத் தட்டில் உட்காரும், மூடி 180 பாகை வரை விரியும். சேர் கார் பெட்டியில் முன்சீட்டுக்காரர் திடீரென்று இருக்கையைச் சாய்த்தால் பெரிய லேப்டாப்பின் மூடி நடுவில் மாட்டிக்கொள்ளும். இதில் கொஞ்சம் முன்னால் இழுத்து, மூடியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வேலையைத் தொடரலாம்.

இந்த மாடலைத் தேடி வாங்கியதற்குக் காரணம் பேட்டரி. இதில் பேட்டரிகள் இரண்டு. உள்ளே நிரந்தரமாக ஒன்று, 23 வாட்-மணி (பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்பதன் அளவு). பின்பக்கம் தாழ்ப்பாளை நகர்த்திக் கழற்றும்படி இன்னொன்று. முதலில் வெளிபேட்டரிதான் தீரும், பிறகு உள்ளே இருப்பது கைகொடுக்கும். அந்த நேரத்தில் வெளிபேட்டரியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். மெஷினை அணைக்கத் தேவையில்லை, திறந்திருக்கும் கோப்பு அப்படியே இருக்கும். என்னிடம் பின்பேட்டரி இரண்டு இருக்கின்றன: தட்டையான சின்னது ஒன்று, 72 வாட்-மணி பெரியது ஒன்று. பெரியதை மாட்டினால் பின்பக்கம் ஒரு விரல் உயரம் தூக்கி நிற்கும். பார்க்க அழகாக இருக்காதுதான். ஆனால் அந்தச் சாய்வு தட்டச்சுக்கு நன்றாக இருக்கிறது, அடியில் காற்றும் போகிறது. மதுரையில் காலையில் வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் எழும்பூரில் இறங்கும்வரை எழுத்துவேலைக்குத் தாராளமாகத் தாங்கும். விமானத்தில் போகிறவர்களுக்கு ஒன்று: பேட்டரிக்கான பொது வரம்பு 100 வாட்-மணி, அதற்குள் இது அடங்கிவிடும். ஆனால் தனியாக எடுத்துப்போகும் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

எக்ஸ் வரிசையில் இந்த வசதி இதோடு முடிந்தது. 2018-இல் வந்த எக்ஸ்280 மெலிசானது, எடையும் குறைவு. ஆனால் பேட்டரி உள்ளே போய்விட்டது, ரேம் என்ற தற்காலிக நினைவகத்தை மாற்ற முடியாதபடி பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள், கம்பிவழி இணையத்துக்கான முழு அளவு லேன் துளையும் இல்லை. எக்ஸ்270-இல் ரேமுக்கு ஒரு துளை இருக்கிறது. அடிமூடியைக் கழற்றி நானே 16 ஜிபி போட்டேன். ஹெச்டிஎம்ஐ, லேன், எஸ்டி கார்டு எல்லாவற்றுக்கும் உடம்பிலேயே இடம் உண்டு. டைப்-சி வழியாகவும் சார்ஜ் ஏறும் என்பதால் ஒரே சார்ஜரில் போனையும் பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம் விசைப்பலகை. தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். சின்ன லேப்டாப்பில் அகலம் போதாவிட்டால் தயாரிப்பாளர்கள் கைவைப்பது பெரும்பாலும் வலது ஓரத்தில்தான். சதுர அடைப்புக்குறிகள், அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு ஆகிய விசைகளை ஒல்லியாக்கிவிடுவார்கள். ஆங்கிலத்தில் அவை நிறுத்தற்குறிகள் மட்டும், பெரிய சிரமம் இருக்காது. தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் அதே விசைகளில் உட்கார்ந்திருப்பவை ச, ஞ, ந, ய, ழ! 'நியாயம்' என்று அடித்துப் பாருங்கள், வலது சுண்டுவிரல் எத்தனை தடவை அந்த ஓரத்துக்குப் போகிறது என்று தெரியும். ஒல்லி விசையில் ந-வுக்குப் பதில் பக்கத்து எழுத்து விழும், பத்திக்குப் பத்தி திருத்த வேண்டியிருக்கும். 2007-இல் வந்த ஏசுஸ் ஈ பிசி போன்ற நெட்புக்குகள் ஒரு கிலோவுக்குள்ளேயே இருந்தன. ஆனால் 7 அங்குல உடம்பில் அடைத்த அந்த விசைகளில் நீளமாக எழுதுவது பெரும்பாடு. எக்ஸ்270-இல் என் சுண்டுவிரல் தடுமாறியதே இல்லை. விசைகள் நன்றாக அழுந்தி எழுகின்றன. நடுவில் இருக்கும் சிவப்புக் குமிழால் சுட்டியை நகர்த்தலாம் என்பதால் கையை எடுக்காமல் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்க முடிகிறது.

எதை வாங்கினாலும் கடையிலேயே ஒரு பத்தி தமிழில் அடித்துப் பாருங்கள். இணையத்தில் வாங்குவதானால் விசைப்பலகையின் படத்தைப் பெரிதாக்கி அந்த வலது ஓரத்தைப் பாருங்கள்.

திரையைப் பற்றி அதிகம் புகழ ஒன்றுமில்லை. 16:9 விகிதம் என்பதால் அகலம் 27.7 சென்டிமீட்டர், உயரம் 15.6 மட்டுமே. 3:2 விகிதத்தில் வரும் 13.5 அங்குலத் திரை அகலத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட அதிகமில்லை, உயரத்திலோ 19 சென்டிமீட்டர். எழுதுபவருக்கு உயரம்தான் வேண்டும், கூடுதலாகச் சில வரிகள் கண்ணில் படும். புது லேப்டாப் வாங்குபவர்கள் 3:2 அல்லது 16:10 விகிதத்தையே தேடுங்கள். எக்ஸ்270 வாங்குவதாக இருந்தால் 1366×768 திரையைத் தவிர்த்து, 1920×1080 ஐபிஎஸ் திரை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மங்காத வகை) உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும், கண்ணுக்காகக் கொடுக்கலாம். வீட்டில் இருக்கும்போது நான் பெரிய மானிட்டரில் இணைத்துவிடுவேன். சின்னத் திரையை நாள் முழுக்கக் குனிந்து பார்த்தால் கழுத்து வலி நிச்சயம்.

சென்னை ரிச்சி தெருவில் பயன்படுத்திய திங்க்பேடுகள் நிறையக் கிடைக்கும். பெரும்பாலும் ஏதோ அலுவலகத்திலிருந்து கழித்தவையாக இருக்கும். ஆகவே பயாஸில், அதாவது மெஷினைத் துவக்கும் அடிப்படை மென்பொருளில், கடவுச்சொல் பூட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூட்டியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்து, ஆதிக் கொள்ளளவில் இன்று எவ்வளவு மிச்சம் என்று ஒப்பிடுங்கள். இரண்டு பேட்டரிக்கும் தனித்தனியாகக் காட்டும். உங்கள் டைப்-சி சார்ஜரைக் கொண்டுபோய் அங்கேயே குத்திப் பாருங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து திரையில் கறை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நான் கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கியது வேறொரு கடையில்; கம்பெனி பெயர் அச்சிட்ட போலி அது. ஒரு கோடையிலேயே வீங்கித் தாழ்ப்பாளில் இறுகிவிட்டது. வீங்கிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, சார்ஜும் ஏற்றக்கூடாது. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

இயங்குதளம் இன்னொரு விஷயம். இதில் இருப்பது இன்டெலின் 6 அல்லது 7-ஆம் தலைமுறைச் சில்லு. விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இந்த மெஷின் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நான் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருக்கிறேன். ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் நிறுவினால் தமிழ்99 வந்துவிடும். லிப்ரே ஆபிஸ், உலாவி, அகராதிகள் எல்லாம் சரளமாக ஓடுகின்றன. விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு இந்தத் தலைமுறை சரிவராது; 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதைப் பாருங்கள்.

அக்கா மகள் கட்டடக்கலை படிக்கப் போனபோது இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு முப்பரிமாண வரைபட மென்பொருள் ஓட வேண்டும், அதற்குத் தனி கிராபிக்ஸ் சில்லு வேண்டும். தினமும் விடுதிக்கும் வகுப்புக்கும்தான் நடை. 15 அங்குலத்தில் கனமானதையே வாங்கினோம்.