பதினெட்டுக்கு முன் வெளியேறினால்: உறவினர் வீடா, குழந்தைகள் நலக் குழுவா?

பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ திருமணம் நிச்சயிக்கப்பட்ட பதினேழு வயதுப் பெண், படிப்பைத் தொடர வீட்டை விட்டு வெளியேற எண்ணும்போது, முதலில் நினைவுக்கு வருவது சித்தி வீடுதான். (தாய்மாமன் வீடு எல்லோருக்கும் புகலிடமாகாது, சில குடும்பங்களில் அவரே மாப்பிள்ளை.) சித்தி வீட்டில் பழகிய முகங்களும் சூடான சோறும் உண்டு. ஆனால் பெற்றோர் புகார் கொடுத்தால், சித்தி மீது குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவில் கடத்தல் வழக்குப் பதிவாகலாம். சிறுமியின் சம்மதம் மட்டும் அதற்கு விடையாகாது. தானாக வந்தவளை உடன்வர அனுமதிப்பது வேறு, அழைத்துச் செல்வது வேறு என்று 1964இல் வரதராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது உண்மையே. எனினும் அதை நிறுவும் அலைச்சல் சித்திக்குத்தான்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தால் நிலை வேறு. குழந்தைத் திருமண அபாயத்தில் இருப்பவரை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகவே 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கருதுகிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை, குழந்தைகளின் பாதுகாப்பு குறித்து முடிவெடுக்கும் சட்ட அமைப்பான குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும், அவரே நேரில் செல்லவும் முடியும். குழு அனுப்பும் குழந்தைகள் இல்லத்தில் தங்குவது எளிதன்று. ஆனாலும் இவ்வழியையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்: சித்தி தகுதியானவர் என்று கண்டால், குழுவே அவளை அவரிடம் ஒப்படைக்கலாம், அப்போது அதே வீடு சட்டத்தின் காவலோடு கிடைக்கிறது.