டட்சன் 1200: ஸ்டியரிங் ஆட்டத்தைத் தேடிப் பிடித்த கதை

என்னிடம் இருப்பது 1972ஆம் ஆண்டு டட்சன் 1200, இரண்டு கதவு. 1171 சிசி எஞ்சின், 12 அங்குல ரிம், பழைய ஸ்ரீ இலக்கத் தகடு. 2019இல் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுப் போர்ட்டிகோவில் தூசி படிந்து நின்றதை வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் கால் மைல் ஓட்டத்துக்கென்றே, அதாவது நேர்கோட்டு வேகப் பந்தயத்துக்கென்றே, அதைத் தயார் செய்திருந்தார். பின்னுக்கு அகலமான டயர், பின் ஸ்பிரிங்கின் நுனியை உடலோடு பிடிக்கும் இணைப்பான ஷக்கிளை நீளமாகப் போட்டுத் தூக்கிய பின்பக்கம். பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஷக்கிள் செய்த வேலை எனக்கு விளங்க ஐந்து வருடம் எடுத்தது.

முதல் மூன்று வருடம் பெரிதாக ஓடவில்லை. 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் மாதக்கணக்கில் அசையாமல் நின்றது. அடுத்த வருடம் கால் மைல் ஓடிப் பார்க்கக் கட்டுக்குருந்தைக்குக் கொண்டு போனேன். களுத்துறைக்குப் பக்கத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளமாக இருந்த பழைய ஓடுபாதை அது. மூன்றாம் கியரில், பாதி தூரம் தாண்டியபிறகு, கார் மெதுவாக வலப்பக்கம் சாயத் தொடங்கியது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். திடீரென்று முழுவதுமாக இடப்பக்கம் பாய்ந்தது. காலை எடுத்துவிட்டேன். கை நடுக்கம் நிற்க நேரம் எடுத்தது.

கொழும்பு திரும்பி ஒரு கராஜுக்குப் போனேன். பெயர் வேண்டாம். பத்து நிமிடத்தில் ஸ்டியரிங் பொக்ஸின் மேலே இருக்கும் அஜஸ்டிங் ஸ்குரூவை இறுக்கிக் கொடுத்தார்கள். சில்லு திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் சும்மா அசையும் அந்த ஆட்டம் போய்விட்டது, சந்தோஷமாகப் புறப்பட்டேன். பொரளை கனத்தைச் சுற்றுவட்டத்தில் வளைத்தபிறகு ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை. கையால் இழுத்துத்தான் நேராக்க வேண்டியிருந்தது. ஆட்டத்தைவிட அது ஆபத்து. இந்த மாதிரி பொக்ஸில் பல் அதிகம் தேய்வது சில்லு நேராக நிற்கும் நடு இடத்தில்தான், ஏனென்றால் காரின் ஆயுளில் பெரும்பகுதி அது அங்கேதான் நிற்கிறது. நடுவில் இருக்கும் தேய்வைப் போக்குவதற்கென்று இறுக்கினால், தேயாத பக்கங்களில் இறுகிப் பிடிக்கும். அடுத்த நாளே ஸ்குரூவைப் பழைய இடத்துக்குத் தளர்த்தினேன்.

தெமட்டகொடையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவர்தான் சரியான வழியைச் சொன்னார். "ஜாக்கி வைக்காதீங்க, சில்லு நிலத்திலேயே இருக்கட்டும். ஒருத்தர் ஸ்டியரிங்கை ஆட்டட்டும், நீங்க கீழ படுத்துப் பாருங்க." ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில், எஞ்சினை நிறுத்திவிட்டு, மகளை உள்ளே உட்கார வைத்தேன். நாலு விரல் அகலத்துக்கு மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டச் சொன்னேன். டோர்ச்சோடு கீழே போனேன்.

ஒரு இணைப்பின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நின்றால், ஆட்டம் அங்கேதான். பொக்ஸிலிருந்து தொடங்கினேன். பொக்ஸிலிருந்து வெளியே வரும் கையான பிட்மன் ஆம் உடனே அசைந்தது. பொக்ஸின் உள்ளே பெரிய குறை இல்லை. ஆனால் பொக்ஸே அசைந்தது! சேசிஸோடு பிடிக்கும் போல்ட்டைச் சுற்றி மாப்போல் செங்கபிலக் கறள் தூள், அதன் நடுவே உராய்ந்து பளபளத்த ஒரு மெல்லிய கோடு. விரலை வைத்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் "டிக்" என்று தெரிந்தது. இடப்பக்கம் நடு ரொட்டின் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் ஆம் இன்னும் மோசம். இரண்டு ஆமையும் இணைக்கும் அந்த நடு ரொட் பக்கவாட்டில் போவதற்கு முன் முதலில் மேலே எழும்பி, பிறகுதான் போனது. "அப்பா, இன்னும் ஆட்டவா?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அதைப் பார்த்தபடியே கிடந்தேன். கட்டுக்குருந்தையில் என்ன நடந்தது என்று அப்போதுதான் புரிந்தது. காரைப் பாய்ச்சும்போது பாரம் பின்னுக்குப் போய் மூக்கு எழும்புகிறது. முடிவில் பிரேக் பிடிக்கும்போது மூக்கு குனிகிறது. ஒவ்வொரு தரமும் தளர்ந்த இணைப்பெல்லாம் தன் பாட்டுக்கு ஒரு இடத்தில் போய் உட்காருகிறது.

ஜாக்கி வைத்துப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். சில்லை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால், சில்லைத் திருப்பும் கம்பியான டை ரொட் பக்கத்துக் குறை காட்டும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பெயரிங், நிற்காவிட்டால் சில்லைக் கீழ்க் கையோடு பிடிக்கும் குண்டு இணைப்பு, போல் ஜொயின்ட். எனக்கு வலப்பக்கம் பெயரிங் மட்டும்தான்.

பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை. முதலில் வாங்கிய புது ஐட்லர் ஆம் மலிவு. 14 மாதத்தில் அதே ஆட்டம். இரண்டாம் தரம் போனபோது கடைக்கார நானா, "தம்பி, பழைய ஜப்பான் சாமானைத் தாறன், புஷ் மட்டும் கடைஞ்சு போடுங்க" என்றார். புஷ் என்பது அச்சு சுழலும் உள்வளையம். பித்தளை புஷ்ஷும் கிறீஸ் நிப்பிளும் வைத்து லேத்தில் செய்தது, இன்று வரை அசையவில்லை. முன் சில்லை முன்னும் பின்னும் போகாமல் பிடிக்கும் டென்ஷன் ரொட்டுக்குப் போட்ட கடினமான பொலியூரித்தேன் புஷ்ஷைக் கழற்றிவிட்டேன். ஆமர் வீதிக் குழி ஒவ்வொன்றும் முதுகெலும்பில் தெரிந்தது. ரப்பரே நல்லது. நட்டு கழராமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னைக் கழற்றினால் எதையும் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள்.

இவ்வளவும் செய்தபிறகு ஸ்டியரிங் விளிம்பில் 60 மி.மீ. இருந்த ஆட்டம் 15க்கு வந்தது. ஆனாலும் வேகத்தில் கார் அலைந்தது. பிடி இருக்கிறது, நிதானம் இல்லை. இங்கேதான் அந்த ஷக்கிள். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதுபோல, காரிலும் முன் சில்லு திரும்பும் அச்சின் மேல்முனை பின்னுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் சில்லைத் தானாக நேராக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் கார் முழுவதும் முன்னுக்குக் குனியும், சாய்வு குறையும். என் கார் 50 மி.மீ. தூக்கப்பட்டிருந்தது. முன் பின் சில்லுகளுக்கு இடையிலான 2300 மி.மீ. வீல்பேஸில் அது ஏறக்குறைய ஒன்றேகால் பாகை. அலைன்மென்ட்டில் பார்த்தபோது இடப்பக்கம் மிச்சம் இருந்தது அரைப் பாகைகூட இல்லை. 2024இல் கம்பெனி ஷக்கிளையே திரும்பப் போட்டேன். அழகு கொஞ்சம் குறைந்ததுதான். அதற்குப் பிறகு கட்டுக்குருந்தையில் நாலு ஓட்டம் ஓடினேன், நாலும் கோடு போட்டதுபோல் நேர்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு போயா நாளில் மகள் ஸ்டியரிங்கை ஆட்ட, நான் கீழே படுக்கிறேன். போன தடவை 16 மி.மீ. பொக்ஸ் போல்ட்டில் கறள் தூள் இல்லை. இடப்பக்க டை ரொட் எண்டின் ரப்பர் மூடியில் மட்டும் ஒரு சின்ன வெடிப்பு. தண்ணீர் உள்ளே போவதற்கு முன் மாற்ற வேண்டும். நானாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.