தானாகச் சேர்வதா, வீட்டார் சேர்ப்பதா?

மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர, இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி முக்கியமாக இரண்டு வழி. நோயாளி தானே சம்மதித்துச் சேரலாம். முடிவெடுக்கும் நிலையில் அவர் இல்லாவிட்டால், அவர் நியமித்த பிரதிநிதி விண்ணப்பித்துச் சேர்க்கலாம். அப்படி யாரும் இல்லையென்றால் பெரும்பாலும் வீட்டார்தான் அந்த இடத்தில் நிற்பார்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸ் போன்ற அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் சட்டம் ஒன்றுதான்.

கேட்டதும் முதல் வழிதான் மேல் என்று தோன்றும். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

ஸ்ரீராமபுரத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் 'தானாக' ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர். "கையெழுத்துப் போடு, இல்லேன்னா பிள்ளைய அம்மா வீட்டுல விட்டுருவேன்" என்று கணவர் சொன்னார், போட்டார். சில நாளில் வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டபோது, "வீட்டுக்காரர் வரட்டும்மா" என்றார் நர்ஸ். சட்டப்படி அவரை அனுப்பியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மருத்துவர் 24 மணி நேரம் நிறுத்திவைத்துப் பரிசோதிக்கலாம், அவ்வளவுதான். யார் வருவதற்காகவும் காக்கவைக்க முடியாது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இன்னொருவர் விவேக் நகர் பையன். கோயிலுக்கு என்று சொல்லி, ஆட்டோவில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். விண்ணப்பித்தது அவன் அக்கா. ஆனால் அங்கே மருத்துவர் தமிழிலேயே பேசினார்: ஏன் சேர்க்கிறோம், எத்தனை நாள், பிடிக்காவிட்டால் எங்கே முறையிடலாம். ஆட்டோவை நினைத்தால் அவனுக்கு இன்றும் கோபம் வரும். வார்டைப் பற்றி அவ்வளவு கசப்பில்லை.

மனநல மருத்துவமனையில் சேர்ப்பதில் உள்ள கட்டாயம் பற்றி அமெரிக்காவில் 1990களில் நடந்த மெக்ஆர்தர் ஆய்வுகளும் இதையே காட்டின. தன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார்கள், ஏமாற்றவில்லை என்று உணர்ந்தவர்களுக்கு, கட்டாயப்படுத்தப்பட்டோம் என்ற எண்ணம் குறைவாகவே இருந்தது.

பையன் சேர்ந்த இரண்டாவது வழியில் வெளியாள் கண்ணும் உண்டு. இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அதில் ஒருவர் மனநல மருத்துவர். முதலில் 30 நாள்தான் உச்சவரம்பு. 7 நாளுக்குள், பெண்ணென்றால் 3 நாளுக்குள், நோயாளிகளின் உரிமையைக் காக்கச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெளிவு திரும்பியதும் தன் சம்மதத்தில் தொடரலாம். அக்காவின் சேர்க்கையை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டியதே இல்லை, தானாகச் சேர்ந்தவர்தானே! மிரட்டி வாங்கிய கையெழுத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

உண்மையான சம்மதம் இருந்தால் முதல் வழிக்கு ஈடில்லை. இல்லாதபோது கெஞ்சியும் மிரட்டியும் கையெழுத்து வாங்குவதைவிட, இரண்டாவது வழியில் முறைப்படி போவதே நோயாளிக்குப் பாதுகாப்பு என்பேன். பிரதிநிதி யார் என்பதை நன்றாக இருக்கும்போதே எழுதிவைத்துவிடலாம். ஸ்டாம்ப் பேப்பரெல்லாம் வேண்டாம். வெள்ளைத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போதும். மனம் மாறினால் ஆளையும் மாற்றிக்கொள்ளலாம்.