டாலஸின் ஆறாவது மாடி அருங்காட்சியகம்: சான்றுகளை நேரில் சரிபார்க்க ஓர் இடம்

வேலை நிமித்தமாகவோ உறவினர் வீட்டுக்கோ டாலஸ் செல்லும் நம்மவர்களில் பலர், டீலி பிளாசாவில் உள்ள ஆறாவது மாடி அருங்காட்சியகத்தை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். அரை நாளாவது ஒதுக்க வேண்டிய இடம் அது என்பது என் கருத்து. 1963 நவம்பர் 22 அன்று பகல் 12.30 மணிக்கு அதிபர் ஜான் எஃப். கென்னடி திறந்த காரில் எல்ம் தெரு வழியே சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். லீ ஹார்வி ஆஸ்வால்ட் அங்கிருந்துதான் சுட்டார் என்று விசாரணைகள் முடிவுசெய்த டெக்சாஸ் பள்ளிப் புத்தகக் கிடங்கின் ஆறாவது மாடியே 1989 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. 2023-இல் நடந்த காலப் கருத்துக்கணிப்பில், இக்கொலையின் பின்னால் சதி இருந்ததாக நம்பிய அமெரிக்கர்கள் 65 விழுக்காடு. அந்த நம்பிக்கையோடு வருபவரும் அதை மறுப்பவரும் தத்தம் வாதத்தை இடத்தோடும் தூரத்தோடும் நேரத்தோடும் பொருத்திப் பார்க்க இங்கே வாய்ப்பு உண்டு என்பதாலேயே இதை விரிவாக மதிப்பிட விரும்புகிறேன்.

நுழைவுச்சீட்டு குறிப்பிட்ட நேரத்துக்கு உரியது. இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. ஒலி வழிகாட்டிக் கருவி கட்டணத்திலேயே அடங்கும். முதல் சில பகுதிகள் கென்னடியின் அரசியல் வாழ்வையும் அக்காலச் சூழலையும் சொல்கின்றன. அவை நன்றாகவே அமைந்துள்ளன என்றாலும், வழக்கை அறிய வருபவர் அங்கே வேகமாக நடந்துவிட்டு, தென்கிழக்கு மூலைக்காக நேரத்தைச் சேமித்து வைக்கலாம்.

அந்த மூலை கண்ணாடியால் மூடப்பட்டிருக்கிறது. அன்று எடுக்கப்பட்ட புகைப்படங்களைப் பார்த்து, புத்தகப் பெட்டிகளை அதே விதமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்று வெற்றுத் தோட்டா உறைகள் கிடைத்தது அந்த ஜன்னலடியில்தான். துப்பாக்கி கிடைத்தது எதிர்மூலையில், படிக்கட்டுக்கு அருகே. பார்வையாளர்கள் அந்த ஜன்னலை நெருங்க முடியாது, ஆனால் பக்கத்து ஜன்னல்களில் நின்று தெருவைப் பார்க்கலாம். அங்கே நின்றால் முதலில் உறைப்பது தூரம் எவ்வளவு குறைவு என்பதே. கென்னடியின் தலையில் குண்டு பாய்ந்தபோது கார் ஜன்னலிலிருந்து சுமார் 265 அடி தொலைவில், மணிக்கு 18 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் சென்றுகொண்டிருந்தது. எல்ம் தெரு ஜன்னலை விட்டு ஏறத்தாழ நேர்க்கோட்டில் விலகிச் சரிந்து இறங்குவதால், மேலிருந்து பார்க்கும்போது வாகனங்கள் பக்கவாட்டில் அதிகம் நகர்வதில்லை. சிறிதாகிக்கொண்டே போகின்றன, அவ்வளவுதான். நான்கு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி பொருத்திய ரைபிளை வைத்திருந்த, கடற்படைக் காலாட்படையில் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற ஒருவரால் இது இயலாத காரியம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் வாதம், அந்த ஜன்னலோரத்தில் வெகுவாக வலுவிழக்கிறது. நடுவில் நிற்கும் ஓக் மரம் இப்போது வளர்ந்து பார்வையை மறைக்கிறது. 1963-இல் அது சிறியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

இந்தத் தளத்தில் நிற்கும்போது காலடியில் இருக்கும் ஐந்தாவது மாடியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அணிவகுப்பைப் பார்ப்பதற்காகக் கிடங்கின் ஊழியர்கள் மூவர் சரியாக இந்த ஜன்னலுக்குக் கீழே இருந்த ஜன்னல்களில் நின்றார்கள்; சுட்ட சில நொடிகளிலேயே பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் எடுத்த படத்தில் அவர்களில் இருவரின் முகங்கள் பதிவாகியிருக்கின்றன. தலைக்கு மேலே வெடிச்சத்தம் கேட்டதாக அவர்கள் சாட்சியம் அளித்தார்கள். துப்பாக்கியின் தாழ் இழுபடும் ஓசையும் வெற்று உறைகள் மரத்தரையில் விழும் ஓசையும் கேட்டதாக அவர்களில் ஒருவர் சொன்னார். கண்ணால் கண்டவர்களின் சாட்சியம் தடுமாறக்கூடியது என்பது உண்மைதான். ஆனால் இந்தச் சாட்சியம் புகைப்படத்தோடும், கிடைத்த உறைகளின் எண்ணிக்கையோடும், அவை கிடந்த இடத்தோடும் பொருந்துகிறது. தனித்தனி வழிகளில் வந்து ஒரே இடத்தில் சேரும் சான்றுகளுக்குத்தான் எடை அதிகம்.

துப்பாக்கியை இங்கே தேட வேண்டாம். அது மேரிலாந்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கிறது. சி2766 என்ற வரிசை எண் கொண்ட 6.5 மில்லிமீட்டர் இத்தாலிய கார்கானோ ரைபிள் அது. சிகாகோவைச் சேர்ந்த கடை ஒன்றிலிருந்து, ஹிடெல் என்ற புனைபெயரில், அஞ்சல் வழியாக 21.45 டாலருக்கு வாங்கப்பட்டு, ஆஸ்வால்டின் அஞ்சல் பெட்டிக்கு வந்தது. வாங்கிய படிவத்தில் இருந்தது அவருடைய கையெழுத்து; குழலின் அடிப்பகுதியில் இருந்தது அவருடைய உள்ளங்கை ரேகை; கொல்லைப்புறத்தில் ரைபிளுடன் அவர் நிற்கும் படங்களை எடுத்ததாகச் சொன்னவர் அவருடைய மனைவி. மூன்று உறைகளும், காரில் கிடைத்த குண்டுத் துண்டுகளும் இந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தவையே என்று தடயவியல் சோதனைகள் காட்டின. எல்லாமே போலி என்று வாதிடுவதானால், சிகாகோ கடையின் ஆவணம், அஞ்சல் துறை, டாலஸ் காவல்துறை, எஃப்.பி.ஐ., ஆஸ்வால்டின் குடும்பம் ஆகிய ஒன்றோடொன்று தொடர்பில்லாத இடங்களில் ஒரே நேரத்தில் மோசடி நடந்திருக்க வேண்டும். தான் குற்றமற்றவர் என்றே ஆஸ்வால்ட் சொன்னார் என்பதையும், இரண்டு நாளில் அவரும் கொல்லப்பட்டதால் அவர் மீதான வழக்கு நீதிமன்றத்துக்கு வரவேயில்லை என்பதையும் இதனோடு சேர்த்தே சொல்ல வேண்டும். மறுதரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கு உட்படாத சான்றுகள் இவை. அந்தக் குறையை எந்த ஆணையத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

கொலையை விசாரிக்க அரசு அமைத்த வாரன் ஆணையத்துக்காக எஃப்.பி.ஐ. செய்த டீலி பிளாசாவின் மாதிரி வடிவமும் இங்கே காட்சிக்கு இருக்கிறது. "மாயக் குண்டு" என்று பரிகசிக்கப்படும் ஒற்றைக் குண்டுக் கருத்தை எடைபோட விரும்புபவர் அதன் அருகே சற்று நின்று யோசிப்பது நல்லது. ஒரே குண்டு கென்னடியின் கழுத்துப் பகுதியைத் துளைத்துவிட்டு, முன்னால் இருந்த டெக்சாஸ் ஆளுநர் கானலியின் மார்பு, மணிக்கட்டு, தொடை ஆகியவற்றையும் காயப்படுத்தியது என்பது அந்தக் கருத்து. இருவரும் ஒரே உயரத்தில், ஒருவருக்கு நேர் முன்னால் மற்றவர் அமர்ந்திருந்ததாக வரைந்த படங்களில் இந்தப் பாதை வளைந்து நெளிந்துதான் போகும். உண்மையில் கானலி அமர்ந்திருந்தது மடக்கி விரிக்கும் சிறு இருக்கை; அது கென்னடியின் இருக்கையைவிடத் தாழ்வாகவும் காரின் உட்புறமாகத் தள்ளியும் இருந்தது. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் பாதை நேராகிவிடுகிறது. இதற்கு எதிரான வலுவான செய்தியும் உண்டு: தன்னைத் தாக்கியது வேறொரு குண்டு என்றே கானலி கடைசிவரை கூறிவந்தார். பார்க்லேண்ட் மருத்துவமனையின் தள்ளுபடுக்கையில் கிடைத்த அந்தக் குண்டு கைமாறிய விதமும் ஒழுங்காகப் பதிவாகவில்லை. நான் இருக்கையின் அளவுக்கே கூடுதல் எடை தருவேன், ஏனெனில் அது யாருடைய நினைவையும் சார்ந்ததல்ல.

ஆபிரகாம் ஜாப்ருடர் என்ற ஆடைத் தயாரிப்பாளர் 8 மில்லிமீட்டர் கேமராவில் எடுத்த 26 நொடிப் படமே இந்த வழக்கின் கடிகாரம். நொடிக்கு 18.3 சட்டகங்கள் (ஃபிரேம்கள்); தலையில் குண்டு பாய்வது 313-ஆவது சட்டகத்தில். 5.6 நொடிகளில் மூன்று முறை சுட முடியாது என்ற வாதம், குறி தவறிய குண்டு நடுவில் சுடப்பட்டது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. முதல் குண்டே தவறியது என்று கொண்டால், சுமார் 160-ஆவது சட்டகத்திலிருந்து 313 வரை எட்டு நொடிக்கு மேல் கிடைக்கிறது. எந்தக் குண்டு தவறியது என்பதை வாரன் ஆணையம் அறுதியிட்டுச் சொல்லவில்லை. மக்களுக்கு அந்த நுணுக்கம் போய்ச் சேரவும் இல்லை. தலை பின்னோக்கிச் சாய்வதைக் கண்டு முன்னாலிருந்தும் ஒருவர் சுட்டார் என்று நம்புபவர்கள் ஏராளம். அது இயல்பான ஐயமே. ஆனால் மண்டையோட்டின் எக்ஸ்-கதிர்ப் படங்களை 1970-களில் ஆராய்ந்த ஒன்பது தடயவியல் மருத்துவர்களில் எட்டுப் பேர், குண்டு பின்னாலிருந்தே நுழைந்தது என்றார்கள்.

அந்த மருத்துவர்களை நியமித்த, அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஓர் அவையான பிரதிநிதிகள் அவையின் குழுவே 1979-இல் "அநேகமாகச் சதி" என்று முடிவுரைத்ததுதான் இந்த வழக்கின் வியப்பான திருப்பம். காவல்துறை மோட்டார் சைக்கிள் ஒன்றின் வானொலி திறந்தபடி இருந்ததாகவும், அதில் பதிவான ஒலித்துடிப்புகளில் ஒன்று எல்ம் தெருவை ஒட்டிய புல்மேட்டிலிருந்து வந்த வெடிச்சத்தம் என்றும் ஒலியியல் வல்லுநர்கள் 95 விழுக்காடு உறுதியோடு சொன்னார்கள். பின்னர் ஒஹையோவைச் சேர்ந்த டிரம் இசைக்கலைஞர் ஒருவர், பத்திரிகை ஒன்றோடு வந்த இசைத்தட்டில் அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, துடிப்புகளோடு சேர்ந்து ஷெரிஃபின் குரல் மெல்லக் கேட்பதைக் கண்டுபிடித்தார். அந்த வார்த்தைகள் கொலைக்குச் சுமார் ஒரு நிமிடம் கழித்துப் பேசப்பட்டவை. தேசிய அறிவியல் கழகத்தின் குழு 1982-இல் அதை உறுதிசெய்தது. 2001-இல் இதை எதிர்த்து ஓர் ஆய்வு வந்தது. அதற்கும் பின்னர் மறுப்பு எழுதப்பட்டது. சதி என்ற அரசுமுறை முடிவு அந்த ஒலிப்பதிவையே பெரிதும் நம்பியிருந்தது என்பதை அறியாமல், "நாடாளுமன்றமே சதி என்று சொல்லிவிட்டது" என்று மேற்கோள் காட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

காவலில் இருந்த ஆஸ்வால்டைச் சுட்டுக் கொன்ற இரவு விடுதி உரிமையாளர் ஜாக் ரூபியின் கதைக்கு இந்தக் கட்டடத்தில் விடை தேடுவதைவிட, கடிகாரத்தைப் பார்ப்பது பயன் தரும். நவம்பர் 24 காலை 11.17-க்கு அவர் காவல் தலைமையகத்துக்கு அருகே இருந்த தந்தி அலுவலகத்தில் வரிசையில் நின்று, தன்னிடம் வேலை பார்த்த நடனப் பெண்ணுக்கு 25 டாலர் அனுப்பினார். ரசீதில் நேரம் முத்திரையிடப்பட்டிருக்கிறது. 11.21-க்கு ஆஸ்வால்டைச் சுட்டார். ஆஸ்வால்டை ஏறக்குறைய பத்து மணிக்கே வேறு சிறைக்கு மாற்றுவதாக இருந்தது. விசாரணை நீண்டதாலும், புறப்படும் நேரத்தில் அவர் மேலாடை கேட்டதாலும்தான் தாமதமானது. ஏவிவிடப்பட்ட கொலையாளி தன் இலக்கு எப்போதோ போயிருக்க வேண்டிய நேரத்தில் தந்தி அலுவலகத்தில் நின்றிருக்க மாட்டார். இதே அளவுகோல் ஆஸ்வால்டுக்கும் பொருந்தும்: அவர் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தது அக்டோபர் 16, அணிவகுப்பின் பாதை முடிவானது நவம்பர் மாத நடுவில். வேலை பற்றிய தகவல் ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணின் பேச்சில் வந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, அரசு எதையும் மறைக்கவில்லை என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளக் கூடாது. ஆஸ்வால்ட் எழுதிக் கொடுத்திருந்த குறிப்பு ஒன்றை எஃப்.பி.ஐ.யின் டாலஸ் அலுவலகம் அவர் இறந்த பின் அழித்தது. கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவைக் கொல்லத் தான் தீட்டிய திட்டங்களை சி.ஐ.ஏ. வாரன் ஆணையத்திடம் சொல்லவில்லை. 1978-இல் நாடாளுமன்றக் குழுவோடு தொடர்பாளராக சி.ஐ.ஏ. அனுப்பிய அதிகாரி, 1963-இல் ஆஸ்வால்டோடு மோதிய கியூபா எதிர்ப்புக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர், அதையும் மறைத்தார்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் ஆவணங்கள் 2025 வரை தவணை தவணையாக வெளிவந்தது வெட்கக்கேடு. மக்களின் அவநம்பிக்கைக்கு முதல் காரணம் இந்த நிறுவனங்களே. ஆனாலும் தங்கள் அலட்சியத்தை மறைத்தார்கள் என்பதற்கான சான்று, புல்மேட்டில் இன்னொருவர் நின்றார் என்பதற்கான சான்றாகிவிடாது. இரண்டையும் தனித்தனியே நிறுவ வேண்டும்.

அருங்காட்சியகம் தீர்ப்பை ஓங்கி உரைக்காமல், விசாரணைகள் கண்டவற்றையும் எஞ்சிய ஐயங்களையும் முன்வைக்கிறது. சிலருக்கு இது நழுவலாகத் தோன்றலாம். எனக்கு அது சரியான அணுகுமுறையாகவே படுகிறது. வெளியே புல்மேட்டில் சதிக் கதைப் பிரசுரங்களை விற்பவர்களிடம் அந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. வெயில் நாளில் குடை பிடித்து நின்ற மனிதர் சதிக்குச் சைகை காட்டினார் என்ற கதை அங்கே சலிக்காமல் சொல்லப்படுகிறது. அவர் 1978-இல் நாடாளுமன்றக் குழு முன் வந்து, கென்னடியின் தந்தை ஹிட்லரோடு சமரசம் பேசிய பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினை ஆதரித்ததைக் கிண்டல் செய்யவே சேம்பர்லினின் அடையாளமான குடையைப் பிடித்ததாக விளக்கமளித்தார்.

பார்க்கும் வரிசை குறித்து என் பரிந்துரை: முதலில் ஆறாவது மாடி, பிறகு ஏழாவது மாடி, கடைசியில் புல்மேடு. ஏழாவது மாடியில் அதே மூலைக்கு நேர் மேலே உள்ள ஜன்னலிலிருந்து, மூடிய ஜன்னலின் கோணம் ஏறத்தாழ அப்படியே கிடைக்கும். புல்மேட்டின் மரவேலிக்குப் பின்னால் நின்று தெருவைப் பார்த்தால், பட்டப்பகலில் அத்தனை பேருக்கு அருகே ஒருவர் சுட்டுவிட்டுக் காணாமல் போவது எவ்வளவு கடினம் என்று தெரியும். சாலையில் வரைந்திருக்கும் வெள்ளைப் பெருக்கல் குறிகளில் நின்று படம் எடுக்கச் சிலர் ஓடுகிறார்கள். எல்ம் தெருவில் இன்றும் வாகனங்கள் வருகின்றன, அதைத் தவிர்க்கவும். சிறு குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.