ஐந்து இரவு, ஒரு குழந்தைகள் வார்டு: 5க்கு 4

நான் ஏர் கம்ப்ரசரும் குளிர்சாதனமும் பழுது பார்க்கிறவன். எங்கே போனாலும் குழாய், மீட்டர், இணைப்பு இவைதான் முதலில் கண்ணில் படும். மகனைத் தூக்கிக்கொண்டு அந்த வார்டுக்குள் ஓடிய இரவிலும் அப்படித்தான். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஆக்சிஜனுக்கு ஒரு வாய், சக்‌ஷனுக்கு ஒரு வாய், இரண்டுக்கும் தனித்தனி மீட்டர். கசிவுச் சத்தம் துளியும் இல்லை. அப்போதே அரை மதிப்பெண் போட்டுவிட்டேன். மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை, குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மகனுக்கு மூன்றரை மாதம், ஆறு கிலோ. நாலு வயது அக்காவுக்குத்தான் முதலில் சளி பிடித்தது. அவளுக்கு இரண்டு நாள் மூக்கொழுகலோடு போய்விட்டது. ஐந்து நாள் கழித்து இவனுக்கு ஆரம்பித்தது. மூன்றாம் நாள் மாலை இரண்டு மடக்குப் பால் குடிப்பான், விட்டுவிட்டு மூச்சு வாங்குவான், அழக்கூடத் தெம்பில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் விலாவுக்கு இடையே சதை குழிந்து குழிந்து எழுந்தது. "என்னங்க, மதியத்திலிருந்து டயாப்பர் நனையவே இல்லை" என்றாள் மனைவி. முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். 68. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50ஐத் தொட்டாலே அது வேகமான மூச்சு. கிளம்பிவிட்டோம்.

வார்டில் முதலில் நடந்தது ஊசியல்ல, மருந்தல்ல. சிஸ்டர் ஒருவர் மூக்கில் சலைன் சொட்டு விட்டு, சற்றுப் பொறுத்து, மெல்லிய குழாயால் சளியை உறிஞ்சினார். உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்தேன், முள் 100ஐத் தாண்டவில்லை. குழாயையும் மூக்கின் முன்பகுதிக்கு மேல் செலுத்தவில்லை. "ஆழமா விட்டா உள்ளே புண்ணாகி இன்னும் வீங்கும் சார்" என்றார். கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்காலேயே மூச்சு விடுகிறவர்கள், அது அடைத்தால் பாதி வாழ்க்கை நின்றுபோகிறது. 87 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த ரத்த ஆக்சிஜன் அளவு உறிஞ்சிய பிறகு 90 வரை வந்தது. மிச்சத்துக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். நான் பார்த்த மிகச் சுத்தமான வேலைகளில் அது ஒன்று.

மறுநாள் மூக்குத் துடைப்புப் பரிசோதனையில் ஆர்எஸ்வி என்று வந்தது. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டு வயதுக்குள் ஒரு முறையாவது வந்துபோகிற வைரஸ்தான். ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் ஜலதோஷம். கைக்குழந்தைக்கு நுரையீரலின் மிகச் சிறிய குழல்கள் வரை இறங்கிவிடுகிறது. ப்ரான்கியோலைட்டிஸ், அதாவது அந்தச் சிறு குழல்களின் வீக்கம், என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள்.

இங்கேதான் நான் சண்டை போட்டேன். ஆன்டிபயாடிக் இல்லை, மருந்தை ஆவிபோல் மூச்சில் கொடுக்கிற நெபுலைசர் இல்லை, இருமல் மருந்து இல்லை. "ஒண்ணுமே கொடுக்காம படுக்க வச்சிருக்கீங்களே டாக்டர்!" என்று குரலை உயர்த்திவிட்டேன். அந்த இளம் டாக்டர் என் தொழிலைக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஆஸ்துமாவில் குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுக்கிப் பிடிக்கும், மருந்து கொடுத்தால் பிடி தளரும். இங்கே பிடிக்கிறவன் யாரும் இல்லை. குழாயின் உள்சுவர் வீங்கி, சளியும் செத்த செல்களும் அடைத்திருக்கின்றன. எதைத் தளர்த்துவது?" ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்குத்தான், வைரஸை அது சீண்டக்கூட முடியாது என்றார்.

எனக்கு அது போதும். வால்வு மூடிக்கொண்டதற்கும் உள்ளே கசடு அடைத்ததற்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டத்துக்குத் தடை இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்காகும். அக்காவின் குழலில் ஒரு மெல்லிய படலம் வீங்கினால் அவளுக்குத் தெரியாது. அதே படலம் தம்பியின் குழலில் வீங்கினால் 68 மூச்சு. ஒரே வைரஸ் அவளைத் தும்மவைத்துவிட்டு இவனை ஏன் கட்டிலில் போட்டது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

"மூன்றாம் நாளில் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஐந்தாம் நாள் வரை ஏறலாம், அப்புறம் இறங்கும்" என்றும் டாக்டர் சொன்னார். அன்றிரவே ஏறியது. சாதாரண ஆக்சிஜன் போதாமல் ஹை ஃப்ளோ கருவிக்கு மாற்றினார்கள். ரசித்துப் பார்க்க வேண்டிய இயந்திரம் அது, மகன் மட்டும் அதில் இல்லாதிருந்தால். காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து, உடம்புச் சூட்டுக்குச் சூடாக்கி, ஈரமேற்றி, மூக்கு வழியாக வேகமாகத் தள்ளுகிறது. கிலோவுக்கு நிமிடம் 2 லிட்டர், இவனுக்கு 12. உலர்ந்த காற்றை அந்த வேகத்தில் விட்டால் மூக்கு வெடித்துவிடும். ஈரத்தொட்டியில் தண்ணீர் மட்டத்தை இரவு சிஸ்டர் தவறாமல் பார்த்தார். குழாயில் தேங்கிய நீரை, குழந்தையின் பக்கம் போய்விடாமல், எதிர்ப்பக்கமாக வடித்தார். என் கடைப் பையன்களிடம் நான் எத்தனை முறை சொல்லியும் நடக்காத காரியம்.

அந்த வேகத்தில் மூச்சு வாங்கும்போது வாயால் பால் கொடுத்தால் புரையேறி நுரையீரலுக்குள் போகலாம் என்பதால், மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். மனைவி பாலைப் பீய்ச்சிக் கொடுக்க, அது சொட்டுச் சொட்டாக இறங்கும். அதைப் பார்த்துத்தான் அவள் முதல்முறை அழுதாள். கன்னத்தில் குழாயை ஒட்டிய பிளாஸ்திரி வேறு, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தோலைச் சிவக்கவைத்தது. மூன்றாம் நாள்தான் கீழே மென்மையான ஒரு அட்டையை ஒட்டி அதன்மேல் பிளாஸ்திரி போட்டார்கள். முதல் நாளே செய்திருக்கலாம்.

இனி முழு மனதோடு குறைகள்.

மானிட்டர். காலில் சுற்றிய சென்சாரை அவன் உதைக்கும் போதெல்லாம் கத்தும். இரவில் ஆறு முறைக்கு ஒரு முறைதான் யாராவது எட்டிப்பார்த்தார்கள், எனக்கே பழகிவிட்டது என்பதுதான் பயம். நான்காம் நாள் அளவு நிலையானதும் அதைக் கழற்றினார்கள், மறுபடி நான் சண்டைக்குப் போனேன். தேறி வருகிற குழந்தைக்கு எண் தூக்கத்தில் 90 வரை இறங்கி ஏறுவது சகஜம், ஓயாமல் பார்த்தால் வீட்டுக்குப் போகிற நாள்தான் தள்ளிப்போகும் என்றார்கள். ஒப்புக்கொள்ளாமல், பெரியவர்கள் விரலில் மாட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கிவந்து அவன் கட்டைவிரலில் மாட்டினேன். 84, அடுத்து 99, அடுத்து வெறும் கோடு. அந்தக் கருவிக்கு 5க்கு பூஜ்யம். தவறு அதனுடையதல்ல, பெரிய விரலுக்குச் செய்த கவ்வியில் அந்தப் பொடி விரல் நிற்கவே இல்லை.

பெரிய குறை விளையாட்டு மேசை. ஒவ்வொரு கட்டிலிலும் கைக்கு சானிடைசர், ஊழியர்கள் தொடும் முன்னும் பின்னும் கை துடைக்கிறார்கள், ஆர்எஸ்வி குழந்தைகளை ஒரே அறையில் வைத்து, எதிர் அறையில் வேறு வைரஸ்காரர்களைப் பிரித்திருக்கிறார்கள். எல்லாம் சரி. நடைபாதையில் மட்டும் பிளாஸ்டிக் பொம்மைகள் குவிந்த மேசை, இரண்டு அறைப் பிள்ளைகளும் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த வைரஸ் கடினமான பரப்பில் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும் என்று சுவரொட்டி ஒட்டியதும் இவர்கள்தான், அதுவும் அந்த மேசைக்கு நேர் மேலே! சொன்ன பிறகு எடுத்தார்கள். ஒரு மதிப்பெண் போனது இதற்கும், டிஸ்சார்ஜுக்கும்.

வார்டில் ஆறாம் நாள் மாலை, அவசர அவசரமாக அனுப்பினார்கள். இருமல் இரண்டு மூன்று வாரம் நீடிக்கும் என்று காகிதத்தில் இல்லை. ஒன்பதாம் நாளும் இருமுகிறானே என்று நான் பதறிப் போன் செய்த பிறகே சொன்னார்கள். எப்போது திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதை வாயால் சொன்னார்கள்: பால் பாதிக்கும் கீழே போனால், விலா மறுபடி குழிந்தால், மூச்சு இடையில் நின்று நின்று வந்தால், உதடு நீலமானால். தூக்கமில்லாத அப்பனுக்கு வாயால் சொல்வது எதற்கு ஆகும்? சுவிட்ச் போர்டு பக்கத்தில் நானே எழுதி ஒட்டினேன்.

இன்னொன்று, இது வார்டின் குற்றமில்லை. ஆர்எஸ்வியைத் தடுக்கப் பிறந்த குழந்தைக்கு ஒரே ஊசியாகப் போடுகிற எதிர்ப்புப்புரத (ஆன்டிபாடி) மருந்து ஒன்று 2022இலும், கர்ப்பிணிகளுக்கான ஆர்எஸ்வி தடுப்பூசி 2023இலும் முதன்முதலாக அனுமதி பெற்றிருக்கின்றன. கிடைக்கிற இடத்தில் இருப்பவர்கள் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவையுங்கள். எங்களுக்கு அதைப்பற்றி வார்டில் படுத்த பிறகுதான் தெரியும்.

அவனுக்கு இருமல் நின்றது பதினெட்டாம் நாள். நேற்று அக்காவுக்கு மறுபடி மூக்கு ஒழுகுகிறது. ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்கிற ரகமல்ல இது. தம்பி இருக்கும் அறைக்குள் விடவில்லை, கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனுக்குப் பாடிக்காட்டிக்கொண்டிருக்கிறாள்.