கங்குங் தண்டுக்கு வாளியா, திறந்த தொட்டியா?

எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் அறுவடை முடிந்ததும் மிஞ்சுவது பெரும்பாலும் கங்குங் (வள்ளைக்கீரை) தண்டும் கீரை வேரும்தான். அதை உரமாக்க இரண்டு வழியையும் ஓராண்டு மாறி மாறிப் பார்த்துவிட்டேன். ஒன்று, காற்றோட்டமுள்ள திறந்த தொட்டி. இன்னொன்று, நுண்ணுயிர் ஏற்றிய தவிட்டைத் தூவி இறுக மூடி வைக்கும் பொக்காஷி வாளி. இப்போது நான் வாளிக் கட்சி.

தொட்டிக்குச் செலவில்லை, வாளிக்குத் தவிடு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டியைக் கிளற வேண்டும், வாளியைத் திறக்காமல் விட வேண்டும். இவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். என்னை மாற்றியது தண்ணீர்.

தொட்டியில் வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். ஈரம் 50 முதல் 60 சதவீதம் வரை இருந்தால் அவற்றுக்குச் சுகம். அதற்கு மேல் போனால் தண்டுகளுக்கு இடையே உள்ள சந்துகளில் நீர் நிரம்பிவிடும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் பரவுவது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவு. அப்புறம் என்ன, முட்டை அழுகிய நாற்றம்தான்.

வாளியில் நடப்பது வேறு. அங்கே லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்குக் காற்றே வேண்டாம், ஈரமும் 65, 70 சதவீதம் வரை தாங்கும். அதைத் தாண்டினால் அமிலம் நீர்த்துப்போய் புளிப்பு ஏறத் தாமதமாகும். அந்த இடைவெளியில் வேண்டாத கிருமிகள் முந்திக்கொண்டு, ஊசிப்போன வெண்ணெய் வாடையைக் கிளப்பும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போட்டு வசவு வாங்கியவர்களுக்கு இது புதிதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். பச்சைக் கங்குங்கில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒரு கிலோ தண்டை 55 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர, நன்கு காய்ந்த இலைச்சருகு ஏறத்தாழ 800 கிராம் வேண்டும். வாளிக்கு 67 சதவீதம் போதும் என்பதால் 400 கிராமே போதும். சருகுக்கா பஞ்சம் என்பீர்கள். எங்கள் எஸ்டேட்டில் துப்புரவு ஊழியர் காலையிலேயே கூட்டி அள்ளிவிடுகிறார். அவருக்கு முன்னால் எழுந்துபோய்ப் பையை நிரப்புவதே எனக்குப் பாதி வேலை. நிரப்பி வந்தாலும் டிசம்பர் மழையில் அது காய்ந்த சருகாக இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதமே சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஊரில் எதைக் காயப்போடுவது? தொட்டிக்குக் கூரை போட்டும் பார்த்தேன். சாரல் விடவில்லை. மூடியின் பள்ளத்தில் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு வந்துவிடுமோ என்ற பயம் தனி.

வாளியிலும் தொல்லை உண்டு. தண்டை நறுக்கி ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் வாட்டிவிட்டே போடுகிறேன். அடியில் சேரும் நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை குழாய் வழியே வடிக்காவிட்டால் அடித்தட்டு கெட்டுவிடும். இரண்டு வாரம் கழித்து வருவதும் முழு உரமில்லை, புளித்த தண்டுதான். அதை மண்ணில் புதைத்து, அது அடங்கிய பிறகே விதை போடலாம். தொட்டி ஒழுங்காக வேலை செய்யும் மாதங்களில் தரும் கறுத்த மட்குக்கு அது ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

பொங்கல் முடிந்து கிடைத்த கரும்புத் தோகையை மட்டும் தொட்டியிலேயே போட்டேன். அது காய்ந்த சரக்கு, வாளிக்குள் மடங்கவும் மடங்காது. ஒரே ஒரு முறை செய்ததுதான், அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். வாழைத்தண்டை இரண்டிலும் போட்டு இரண்டிலும் சேறாக்கினேன்.