மதுரைக்கு வருகிறார்கள், தங்குவதில்லை: ஊர்ப் பயணத்தில் பார்த்த சேவைகள்

மதுரைக்கு ஆள் வரவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. கோயில், கல்யாணம், கண் ஆஸ்பத்திரி, உயர் நீதிமன்றக் கிளை என்று ஏதோ ஒரு காரணத்துக்காகத் தினமும் வெளியூர்க் கூட்டம் வந்து இறங்குகிறது. காலையில் இறங்கி, மதியம் இலை போட்டுச் சாப்பிட்டு, ராமேஸ்வரத்துக்கோ கொடைக்கானலுக்கோ வண்டி ஏறிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்களும் சொந்தக்காரர் வீடு, கோயில், ஜவுளிக்கடை என்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். இப்படி வருகிறவர்கள் ஓர் இரவு கூடத் தங்கினால்தான் லாட்ஜ், ஆட்டோ, சுங்குடிக் கடை, இரவு டிபன் கடை எல்லாவற்றுக்கும் பிழைப்பு.

விமான நிலையத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2024 அக்டோபரிலிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது. கொழும்பு, வளைகுடா என்று வெளிநாட்டு விமானங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓடுபாதை சுமார் 7,500 அடிதான், அகலமான பெரிய விமானம் நிறைய ஆளும் சரக்கும் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போக அது போதாது. நீட்டிக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. நிலம் எடுப்பது ஒரு சிக்கல், குறுக்கே போகும் சுற்றுச்சாலை இன்னொரு சிக்கல். ஆகவே கோலாலம்பூர்க்காரர்கள் திருச்சியில் இறங்கி நான்குவழிச் சாலையில் இரண்டேகால், இரண்டரை மணி நேரம் காரில் வருவதே இன்றைக்கும் நடைமுறை.

நேரத்தைத் தின்பது மீனாட்சியம்மன் கோயில் வாசல். நடை காலை 5 மணிக்குத் திறந்து பகல் 12.30-க்குச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் மறுபடி. செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை, 2018 தீ விபத்துக்குப் பிறகு இது கறார். வாசலில் போன் வைக்க ஒரு வரிசை, செருப்பு வைக்க ஒரு வரிசை, சோதனைக்கு ஒரு வரிசை, அதற்கப்புறம்தான் தரிசன வரிசை. கிழக்கு வாசலில் போனைக் கொடுத்துவிட்டுத் தெற்கு வாசல் வழியாக வெளியே வந்தால், வெயிலில் வெறுங்காலோடு சித்திரை வீதியைச் சுற்ற வேண்டும். உள்ளே போன வாசலிலேயே வெளியே வாருங்கள், போனை அறையிலேயே விட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது. அரைக்கால் சட்டையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்புவார்கள். வாசல் கடைகளில் வேட்டி கிடைக்கும், விலை அவர்கள் சொல்வதுதான்.

பதினொன்றரைக்கு வந்து சேரும் சுற்றுலாப் பேருந்து இந்த வரிசைகளைத் தாண்டுவதற்குள் நடை சாத்திவிடுகிறது. மீதி மூன்றரை மணி நேரம் என்ன செய்வது என்று சொல்ல வாசலில் ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. மதுரை ஓர் இரவை இழப்பது இங்கேதான். திருமலை நாயக்கர் மகால் நடந்தே போகிற தூரம், மதியம் சாப்பாட்டு இடைவேளை தவிரப் பகலில் திறந்திருக்கும். 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகமும் அப்படியே, செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. நகரத்திலிருந்து 12 கிலோமீட்டர்தான், ராமேஸ்வரம் சாலையில் சிலைமான் தாண்டித் திரும்ப வேண்டும். அது சிவகங்கை மாவட்டம். சுற்றுலாப் பயணிக்கு மாவட்ட எல்லையைப் பற்றி என்ன கவலை? பலகை வைப்பவர்களுக்கு இருக்கிறது போல.

இரவு தங்கச் சொல்வதற்குக் காரணமும் கோயிலிலேயே இருக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் சுந்தரேசுவரரைப் பல்லக்கில் அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். பகலில் நெரிசலில் தள்ளிவிடப்பட்டவர்கள் அந்த நேரத்தில் நிதானமாக நின்று பார்க்கலாம். முடிந்து வெளியே வந்தால் கறி தோசைக் கடையில் கல் இன்னும் சூடாகத்தான் இருக்கும். இந்த வரிசையை, அதாவது மாலை மகால், இரவு பள்ளியறை, பிறகு சாப்பாடு என்பதை, ஓர் அட்டையில் அச்சடித்து ஒவ்வொரு லாட்ஜ் வரவேற்பிலும் வைக்க எத்தனை ரூபாய் ஆகும்? (மகாலின் ஒலி-ஒளிக் காட்சி பராமரிப்புக்காக நிற்பதும் உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள்.)

தங்கும் இடம்: டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜ்கள் ரயிலடிக்கும் கோயிலுக்கும் பக்கம். முகூர்த்த நாளிலும் சித்திரைத் திருவிழாவிலும் முன்பதிவு இல்லாமல் அறை கிடைக்காது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் இன்னொரு தடை. அவர்கள் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் விடுதி இணையத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவு வசதியைச் செய்துகொள்ளாத சிறு லாட்ஜ், பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ‘ரூம் இல்லை’ என்று சொல்லிவிடும். போனிலேயே ‘ஃபாரினர் பதிவு செய்வீர்களா’ என்று கேட்டுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

ஊருக்குள் போக்குவரத்தில் தெரிய வேண்டியது இரண்டே. மாட்டுத்தாவணியில் சென்னை, திருச்சி, நெல்லை, ராமேஸ்வரம் வண்டிகள். ஆரப்பாளையத்தில் திண்டுக்கல், தேனி, கோவை, கொடைக்கானல் வண்டிகள். மாறி இறங்கினால் நகரத்தைக் குறுக்காகக் கடக்க வேண்டும். ஆட்டோவில் மீட்டர் என்பது பெயருக்குத்தான், செயலியில் பிடித்தால் பேரம் மிச்சம். ஆனால் ஏறுமிடத்தைக் கோபுர வாசலில் குறிக்காதீர்கள். சித்திரை வீதிகளில் வண்டி வராது, ஓட்டுநர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு ரத்து செய்துவிடுவார். பெரியார் நிலையத்தையோ ரயிலடியையோ குறிக்கலாம்.

விளம்பரமில்லாமல் வெளியூர் ஆட்களை இழுக்கும் சேவை ஒன்று ஊரில் உண்டு. 1976-இல் 11 படுக்கையோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. அடுத்து எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் அங்கேயே யாராவது சொல்லிவிடுகிறார்கள். அதிலிருந்து 1992-இல் பிறந்த ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. தொழில் வர வேண்டும் என்று கூட்டம் போடுகிறவர்கள் முதலில் அங்கே போய் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்க்கலாம்.

ஊரில் தொழில் தொடங்கலாமா என்று வரும் நம்மவர்களுக்குக் கட்டடம் பெரிய சிக்கல் இல்லை. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் அரசு நிறுவனமான எல்காட்டின் ஐடி வளாகங்கள் இருக்கின்றன, மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025-இல் அடிக்கல் நாட்டினார்கள். வடபழஞ்சி காமராசர் பல்கலைக்கழகப் பக்கம், தேனி சாலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. வேலைக்கு வருகிறவர்களுக்கு இரவுப் பேருந்து யோசனை வேண்டும். தூரத்தைவிட முக்கியமான விஷயம், இந்த எல்காட் வளாகங்களின் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இடம் எடுக்கும் நிறுவனம் ஐந்தாண்டுக் கணக்கில் அந்நியச் செலாவணியை நிகர வரவாகக் காட்ட வேண்டும். உள்ளூர் வாடிக்கையாளரை நம்பித் தொடங்கும் கம்பெனிக்கு அது சரிவராது, வெளியே வாடகைக்குப் பிடிப்பதே மேல்.

காகிதத்தில் இடறும் இடங்கள் வேறு. தனியார் நிறுவனம் பதிவு செய்தால் இயக்குநர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தவராக வேண்டும். எல்எல்பி (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) என்றால் பொறுப்புப் பங்குதாரர் ஒருவருக்கு 120 நாள். அண்ணனையோ மச்சானையோ சேர்ப்பதாக இருந்தால் அவருக்குள்ள கையெழுத்து அதிகாரம் எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதார் ஓடிபி வந்தால் முடிந்துவிடும். வெளியே கடையில் பணம் வாங்கிக்கொண்டு செய்வதும் அதையேதான். ஆனால் அந்த ஓடிபி போகும் இந்திய எண் 90 நாள் பயன்பாடே இல்லாமல் கிடந்தால் துண்டிக்கப்படலாம். ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள்.

அப்பாவுக்கோ தம்பிக்கோ பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுப்பவர்கள் தாங்கள் இருக்கும் நாட்டிலேயே இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்புகிறார்கள், சரி. அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பீரோவில் வைத்து மறந்துவிட்டு ஆறு மாதம் கழித்துக் கிரயத்துக்குப் போனால் வேலை நிற்கும். ஓசிஐ அட்டைக்காரர்கள், அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர், விவசாய நிலம் வாங்கவே முடியாது. தோப்போடு பண்ணை வீடு கட்டித் தங்கும் விடுதி நடத்தும் கனவு பலருக்கு இங்கேதான் முடிகிறது.

மானியத்தை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் கேட்க வேண்டியது குடியிருப்பு நிபந்தனையை. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு, ஆனால் விண்ணப்பதாரர் மூன்று ஆண்டு தமிழ்நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும். போன மாதம் துபாயிலிருந்து திரும்பியவருக்கு அது பொருந்தாது. ஊரிலேயே இருக்கும் படித்த தங்கையோ மருமகனோ உண்மையிலேயே தொழிலை நடத்தப் போகிறார் என்றால், விண்ணப்பம் அவர் பெயரில் போகட்டும்.